தோற்பதற்கும் வசதி வேண்டும்

ஆம்பூரில் எனக்குப் பழக்கமான தோல் முதலாளி ஒருவர் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். ஹஜ் போய்வந்தவர், ஊரில் ஹாஜியார் என்றே சொல்வார்கள். என் கதைகளில் ஒன்றையாவது அவர் படித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகந்தான். ஆனாலும் நான் கதை எழுதுகிறவன் என்பது அவருக்குத் தெரியும். அதில் ஒரு மரியாதையும் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். போனேன். மேஜைமேல் பழுப்பேறிய இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்று கிடந்தது. வியாபார விஷயமாக லண்டனுக்குப் போயிருந்தபோது பழைய புஸ்தகக் கடையில் வாங்கினாராம்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. இந்த மாதிரி எங்க அத்தாவைப் பத்தி ஒண்ணு எழுதித் தரணும். ஒண்ணுமில்லாம இருந்து முன்னுக்கு வந்த மனுஷர். பேரப்புள்ளைங்களுக்குத் தெரியாமப் போயிடக் கூடாது பாருங்க."

"படிச்சுட்டுச் சொல்றேன், ஹாஜியார்" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அது ஸர் தாமஸ் லிப்டனின் சுயசரிதை. தேயிலைப் பொட்டலத்தின் மேல் நாம் எல்லோரும் பார்த்திருக்கிற அதே லிப்டன்தான். 'லீவ்ஸ் ஃப்ரம் தி லிப்டன் லாக்ஸ்' என்று பெயர். 1931-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி அவர் காலமானார். அதை ஒட்டி வெளிவந்த புஸ்தகம். நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் நிற்காதவன். இங்கிலீஷ் புஸ்தகம் என்றால் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். அப்படியும் மூன்று இரவில் முடித்துவிட்டேன். பிறகு அவரைப் பற்றிப் பிறர் எழுதியவற்றையும் தேடிப் படித்தேன். ஹாஜியாருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை. லிப்டன் பிறந்தது ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்தின் ஏழைப் பேட்டை ஒன்றில். தாயும் தகப்பனும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வெண்ணெயும் முட்டையும் பன்றி இறைச்சியும் விற்கிற சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார்கள். பிள்ளைகளில் மிஞ்சினவன் இவன் ஒருவனே. பத்து வயதை ஒட்டிப் பள்ளிக்கூடத்தை விட்டான். எடுபிடி வேலை, சட்டைத் துணி வெட்டுகிற இடத்தில் வேலை, பெல்ஃபாஸ்ட் போகும் நீராவிக் கப்பலில் பையன் வேலை. அதில் மிச்சம் பிடித்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம், தெற்குக் கரோலினாவில் நெல் வயல் என்று அலைந்து, கடைசியில் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையின் மளிகைப் பகுதிக்கு வந்து சேர்ந்தான். சாமானை எப்படி அடுக்கினால் போகிறவன் நின்று பார்ப்பான் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டான். ஊர் திரும்பும்போது தாய்க்கென்று ஒரு பீப்பாய் மாவும், ஆடும் நாற்காலி ஒன்றும் கொண்டுவந்தான்.

நாவல் எழுதுகிறவன் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. எத்தனை டாலர் சேர்த்துக்கொண்டு வந்தான் என்பது படித்த மறுநாளே மறந்துபோகும். அந்த நாற்காலி மறக்காது. வாழ்நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்த தாய் அதில் உட்கார்ந்து ஆடுவதை மகன் கற்பனை செய்து, அதைக் கடல் கடந்து சுமந்து வந்திருக்கிறான். இங்கே நான் லிப்டனிடம் தோற்றுவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவரை வெறும் வியாபாரி என்று தள்ளிவிட முடியாது.

1871-ல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை திறந்தார். 1890-ஐ நெருங்கும்போது பிரிட்டன் முழுவதும் சுமார் 300 கடைகள். இந்த வளர்ச்சியின் ரகசியத்தில் பாதி, இடைத்தரகன் இல்லாமல் விளைகிற இடத்திலேயே நேராகக் கொள்முதல் செய்தது. மற்றப் பாதி விளம்பரம். கொழுத்த பன்றிகளுக்கு ரிப்பன் கட்டி, லிப்டன் கடைக்குப் போகிற பன்றிகள் என்று தெருவில் ஓட்டிப்போனார். 1881 கிறிஸ்துமஸுக்கு ராட்சசப் பாலாடைக்கட்டி ஒன்றை வரவழைத்து, அதற்குள் தங்கக் காசுகளைப் புதைத்து, வெட்டி விற்றார். கடைக்குள் நுழைகிறவன் ஒல்லியாகத் தெரிய ஒரு கண்ணாடி. வாங்கிக்கொண்டு வெளியேறுகிறவன் பருமனாகத் தெரிய இன்னொரு கண்ணாடி. நம் ஊர்த் திருவிழாக் கடைக்காரர்கள்கூட இவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

1890-ல் இலங்கைக்கு வந்தார். அதற்கு இருபது வருஷத்துக்கு முன்பிருந்தே காப்பிச் செடிகளில் ஒரு நோய் விழுந்து தோட்டங்கள் பாழாகிக்கொண்டிருந்தன. துரைமார்கள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். நிலம் மலிவாகக் கிடைத்தது. அப்புத்தளைப் பக்கத்து மலைகளில் தம்பேதன்னை முதலான தோட்டங்களை வாங்கினார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்ற தேயிலையை, ஒரே எடையுள்ள பொட்டலமாகக் கட்டி, மேலே தம் பெயரைப் போட்டு, மற்றவர்களைவிட வெகு மலிவாக விற்றார். தோட்டத்திலிருந்து நேராக உங்கள் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பது அவருடைய விளம்பரம். உண்மையில் அவர் விற்ற தேயிலையெல்லாம் அவர் தோட்டத்தில் விளைந்ததல்ல. அத்தனை கடைகளுக்கும் அந்த மலைகள் போதாது. பெரும்பகுதி வெளியே வாங்கியதுதான். ஆனால் பொட்டலத்தைப் பார்க்கிறவன் கண்ணுக்கு மலையும் கூடை சுமந்த பெண்ணும் தெரிந்தால் போதுமே!

இதற்கெல்லாம் பிறகுதான் கடல் வருகிறது.

யாட் என்கிற பந்தயப் பாய்மரக் கப்பல்களில் உலகத்திலேயே பேர்போனது அமெரிக்கா கோப்பை. 1851-ல் இங்கிலாந்தின் கடற்கரையில் 'அமெரிக்கா' என்ற கப்பல் ஜயித்துக்கொண்டு போன வெள்ளிக் கூஜா அது. நியூயார்க் யாட் கிளப்பிலிருந்து அதை மீட்க இங்கிலீஷ்காரர்கள் செய்த முயற்சிகளெல்லாம் வீணாயின. கடைசியில் 1983-ல் ஓர் ஆஸ்திரேலியக் கப்பல்தான் அதைக் கைப்பற்றியது. இடையில் ஐந்து தடவை சவால் விட்டவர் லிப்டன். 'ஷாம்ராக்' என்ற ஒரே பெயரில் ஐந்து கப்பல்கள். 1899, 1901, 1903 மூன்று வருஷங்களிலும் ஒரு பந்தயத்தில்கூட ஜயிக்கவில்லை. 1903-ல் அவரை எதிர்த்த 'ரிலையன்ஸ்' 16,000 சதுர அடிக்குமேல் பாய்த்துணி விரித்த பூதம். 1920-ல் அதிர்ஷ்டம் எட்டிப் பார்த்தது. ஐந்து பந்தயங்களில் மூன்றை ஜயித்தால் கோப்பை. முதல் இரண்டும் லிப்டனுக்கு. மூன்றாவதில் இரண்டு கப்பல்களும் ஒரே நேரக் கணக்கில் ஓடி முடித்தன. ஆனால் கப்பலின் அளவை வைத்துக் கொடுக்கும் சலுகை நேரத்தால் எதிரி ஜயித்தான். பிறகு நான்காவதும் ஐந்தாவதும் போயின. 1930-ல் எண்பதைத் தாண்டிய வயதில் மறுபடியும் வந்தார். நான்குக்கு நான்கும் தோற்றார். அவர் சிரித்துக்கொண்டு தோற்ற அழகைப் பார்த்து, அமெரிக்க ஜனங்கள் ஒரு டாலரும் அரை டாலருமாகப் பணம் சேர்த்துத் தங்கக் கோப்பை ஒன்று செய்து கொடுத்தார்கள்.

சொந்த நாட்டில் கதை வேறு. மளிகைக்காரன் என்று ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்ற பிரபுக்களின் கிளப் அவரைச் சேர்க்கவில்லை. எட்வர்ட் அரசருக்குச் சிநேகிதராக இருந்தும் பயனில்லை. ஐந்து சவால்களையும் அயர்லாந்தின் அல்ஸ்டர் கிளப்பின் பெயரிலேயே விட்டார். ஸ்குவாட்ரன் அவரை அழைத்துக்கொண்டது 1931-ல். அந்த வருஷமே அவர் கண்ணை மூடிவிட்டார்.

இதுதான் ஹாஜியாரைக் கவர்ந்த கதை. என்னையும் கவர்ந்தது. 1950-ல் அலெக் வா என்ற இங்கிலீஷ் நாவலாசிரியரே இவரைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதியிருக்கிறார் என்றால் அதில் ஆச்சரியமில்லை. ஏழைப் பையன், தாய்ப்பாசம், உழைப்பு, செல்வம், பிரபுக்களின் அவமதிப்பு, ஐந்து தோல்வி, ஒரு தங்கக் கோப்பை: கதாசிரியன் கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நல்ல கதை என்று தோன்றுகிறபோதே எனக்குச் சந்தேகமும் வந்துவிடும். அது என் தொழிலில் வந்த பழக்கம். கதை இவ்வளவு வழுவழுப்பாக இருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே தேய்த்தவர் லிப்டனேதான். பிறந்த வருஷத்தைக்கூட 1850 என்று சொல்லிவந்தார்; பின்னால் ஆராய்ந்தவர்கள் 1848 என்கிறார்கள். இரண்டு வருஷம் ஒரு பெரிய விஷயமல்ல. ஆனால் பன்றிக்கு ரிப்பன் கட்டிய அதே கை தன் வாழ்க்கைக்கும் ரிப்பன் கட்டியிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் கப்பல்களை லிப்டன் ஓட்டவில்லை. சுக்கான் பிடித்தவர்கள் வேறு. கயிறு இழுத்தவர்கள் இங்கிலாந்தின் கரையோரக் கிராமங்களிலிருந்து கூலிக்கு வந்த மாலுமிகள். லிப்டன் 'எரின்' என்ற தம் நீராவிக் கப்பலில் விருந்தாளிகளோடு நின்று பார்த்தார். ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு பத்திரிகைகளில் அவர் படம் வந்தது. அமெரிக்காவில் தேயிலை விற்றது. அவர் தேயிலை விற்பதற்காகத்தான் தோற்றார் என்று சொன்னால் அது அநியாயம். அந்தக் கூஜாவின் மேல் அவருக்கு இருந்த ஆசை உண்மையானது. வயதான காலத்தில் அது வேதனையாகவும் ஆகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆகாத மனிதர், தாயும் போய் வெகுகாலம் ஆயிற்று. இருந்த ஆசையெல்லாம் அந்தக் கூஜாவில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆனால் அந்த ஆசை தோற்றபோது அவர் வீட்டு அடுப்பு அணையவில்லை. அதனால்தான் அவரால் சிரிக்க முடிந்தது.

அந்தச் சிரிப்பைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வசதி இருந்தும் தோல்வியைப் பொறுக்காமல் பல்லைக் கடிக்கிற பணக்காரர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஆனாலும் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வசதி இருக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோற்பதற்கும் வசதி வேண்டும்.

1903 ஏப்ரலில், சவாலுக்கு முன்னால் வெள்ளோட்டம் விட்டபோது, வேமத் என்ற ஊருக்கு எதிரே மூன்றாவது ஷாம்ராக்கின் பாய்மரம் முறிந்து விழுந்தது. ஒரு மாலுமி கடலில் போய்விட்டான். கப்பலுக்குப் புது மரம் நட்டார்கள். அந்த வருஷமே அது அட்லாண்டிக்கைத் தாண்டிப் பந்தயத்துக்குப் போயிற்று. லிப்டனின் ஐந்து தோல்விகளையும் வருஷம் தவறாமல் சொல்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு தோல்வியை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

அப்புத்தளை மலைக்கு வருவோம். அங்கே கொழுந்து கிள்ளியவர்கள் நம் ஜனங்கள். சேலம், திருச்சி, மதுரைப் பக்கங்களில் பஞ்சத்தாலும் கடனாலும் கிளம்பி, கங்காணி பின்னால் கடலைத் தாண்டிக் காட்டு வழியே நடந்து மலையேறியவர்கள். லயன் என்ற வரிசை வீட்டில் குடியிருந்து, கங்காணியிடம் பட்ட கடனைத் தலைமுறைக்கும் சுமந்தவர்கள். இலங்கை சுதந்தரமடைந்தவுடன், 1948-ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சமிருந்தவர்களைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டுவிட்டார்கள். இந்த ஜனங்களும் தோற்றார்கள். ஒரு தடவை அல்ல, ஐந்து தடவைக்கும் மேல். யாரும் டாலர் சேர்த்துக் கோப்பை செய்து கொடுக்கவில்லை. இன்று அந்த மலையுச்சியில் 'லிப்டன் ஸீட்' என்று ஓர் இடம் இருக்கிறது. அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த இடமாம்; உல்லாசப் பிரயாணிகள் போய்ப் பார்க்கிறார்கள். லிப்டன் கதை தெரிந்தவர் யாரையாவது பிடித்து, அந்தத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவருடைய பெயரைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது. நூறு வருஷத்துக்கு மேலாகப் பொட்டலத்திலும் விளம்பரத்திலும் அந்தப் பெண்ணின் உருவம் இருந்தது; பெயர் மட்டும் முதலாளியினுடையது.

இதனால் லிப்டன் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. 1897-ல் லண்டன் ஏழைகளின் விருந்துக்காக 25,000 பவுன் கொடுத்தவர். முதல் உலக யுத்தத்தில் தம் கப்பலை வைத்தியர்களையும் தாதிகளையும் செர்பியாவுக்கு ஏற்றிச் செல்லக் கொடுத்தவர். சாகும்போது சொத்தைக் கிளாஸ்கோ நகரத்துக்கு எழுதி வைத்தவர். என் புகார் மனிதர்மேல் அல்ல. கதை சொல்லும் முறைமேல். ஒருவன் முன்னுக்கு வந்த கதையைச் சொல்லும்போது, அவன் ஏறிய படிக்கட்டைச் சொல்கிறோம். படிக்கட்டு எதனால் ஆனது என்று சொல்வதில்லை. அந்த முறையை நான் பழகிக்கொண்டு ஆம்பூரில் உட்கார்ந்து எழுதலாமா?

எங்கள் பிரதேசத்தை நினைத்துப் பார்க்கிறேன். வேலூரிலிருந்து பாலாற்றின் மேலே போனால் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. கீழே வந்தால் ராணிப்பேட்டை. எல்லாம் தோலால் பிழைக்கிற ஊர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் வைத்துப் பதனிட்ட காலத்தில், இங்கேயிருந்து அரைப்பதத் தோல் சென்னைக்குப் போய், கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போகும். அங்கே அதற்கு 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர். முதல் உலக யுத்தத்தில் இங்கிலீஷ் சிப்பாய்களின் பூட்ஸுகளில் எங்கள் தோல் இருந்தது. ஆம்பூர் என்ற பெயர் எந்தப் பூட்ஸிலும் இல்லை. 1970-க்குப் பிறகு அரசாங்கம் அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் குறைத்து, முழுப்பதத் தோலும் ஷூவும் செய்ய வைத்தது. இன்று ஷூ கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் தைக்கிறார்கள். ஷூவின்மேல் இருக்கிற பெயர் இன்னும் வெளிதேசத்துக்காரனுடையதுதான். லிப்டன் தம் பெயரைப் பொட்டலத்தில் போட்டு உலகத்துக்கே தெரிந்தவரானார். எங்கள் முதலாளிகள் பெயரில்லாமலே பணக்காரர்களானார்கள். ஹாஜியார் தம் அத்தாவின் பெயர் ஒரு புஸ்தகத்திலாவது இருக்கட்டும் என்று ஆசைப்படுவதன் நியாயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் பெயரில்லாமல் போனவர்களில் முதலாளி முதல்வர் அல்ல. பாலாற்றுத் தண்ணீர் கெட்டுக் கிணறுகள் உவர்ந்து நிலம் தரிசாகப் போனதைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற நியாயம் இந்தியச் சட்டத்தில் இடம்பிடிக்க எங்கள் ஆறு சாக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியிலும் அதே கோர்ட்டு அந்த விஷயத்தை மறுபடி பேசவேண்டி வந்தது. 2015 ஜனவரி 31-ந் தேதி விடியுமுன், ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேமத் கடலில் போன மாலுமியைப் பற்றிப் படித்தபோது எனக்கு இவர்கள் ஞாபகந்தான் வந்தது. இந்தப் பிரதேசத்தில் யாருடைய ஜீவிய சரித்திரத்தை எழுதினாலும் ஆறும் இவர்களும் அதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் அது சரித்திரம் அல்ல; பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற சீட்டு.

போன வாரம் புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இவ்வளவையும் ஹாஜியாரிடம் சொல்லவில்லை. கொஞ்சம் சொன்னேன்.

"எழுதறேன், ஹாஜியார். ஆனா அத்தா தோத்த எடத்தையும் நீங்க சொல்லணும். அவர்கிட்ட வேலை செஞ்சவங்களும் அதிலே வரணும். பேரோட வரணும்."

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சுண்ணாம்புக் குழியிலே இறங்கி நிக்கிற பெரியவர் ஒருத்தர் இருந்தாரு தம்பி. அத்தா முதல் ஷாப்பு ஆரம்பிச்ச நாள்லேருந்து அவர்தான். கால் ரெண்டும் வெந்து வெந்து வெள்ளையாப் போயிருக்கும். அத்தா மௌத்தான அன்னிக்கி வாசல்லயே உக்காந்திருந்தாரு, சாப்பிடவே இல்லை. அவர் பேரு..."

நிறுத்தினார். உள்ளே இருந்த வயதான கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்கும் ஞாபகம் வரவில்லை. எல்லோரும் பெரியவர் என்றுதான் கூப்பிட்டார்களாம்.

"கேட்டு வைக்கிறேன் தம்பி" என்றார் ஹாஜியார். "அவர் மகன் குடியாத்தம் பக்கம் இருக்கிறதாச் சொன்னாங்க. ஆள் விட்டுக் கேக்கணும்."

பெயர் தெரிந்ததும் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.